‘சொன்னார்களாம்’ என்னும் சவாரி

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் பக்கம் போகும் காட்டுச் சாலையில் நாட்றாம்பாளையம் என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரம். காட்டைக் கடந்து இறங்கினால் காவிரி; காவிரிக்கு அக்கரை கர்நாடகம். சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, லுஹர் தொழுத கையோடு நாம் அந்த ஊருக்கு பஸ் ஏறினோம். எதற்காகப் போனோம் என்பதை இந்தப் பாடத்தின் இறுதியில் சொல்லுவோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் மிம்பரில் ஏறி மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவன், தன் விஷயம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வது நியாயமாகாது.

அந்தப் பக்கத்துக் காவிரிக் கரையில் பிலிகுண்டுலு என்னும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் ஒன்று உள்ளது. கர்நாடகம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்பதற்கு அங்கே எடுக்கப்படும் கணக்குத்தான் கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் 192 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதனை 177.25 டி.எம்.சி. என்று மாற்றியது. இரண்டுமே பிலிகுண்டுலுவில் அளந்து பார்க்க வேண்டிய அளவுகள்தாம்.

தண்ணீரை அளக்க நிலையம் உண்டு. அதே தண்ணீரைப் பற்றிப் பேசுகின்ற நாவை அளப்பது யார்? 2016 செப்டம்பரில் நடந்ததை ஓசூர்ப் பக்கத்து வீடுகள் மறந்திருக்க மாட்டா. தண்ணீரைப் பற்றிய கோபம் இரு பக்கமும் முன்பே இருந்தது என்பது உண்மை. அந்த வேளையில் கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டார் என்று ஒரு தமிழ் இளைஞரை பெங்களூரில் பிடித்து, மண்டியிட வைத்து அடித்தார்கள். அடித்ததைப் படமெடுத்துப் பரப்பினார்கள். அதைப் பார்த்த கோபத்தில் இராமேசுவரத்திலும் சென்னையிலும் சிலர் கர்நாடகத்தாரிடம் கைவரிசையைக் காட்ட, அந்தக் காட்சிகள் திரும்ப பெங்களூருக்குப் போயின. செப்டம்பர் 12ஆம் தேதி அங்கே ஒரே பணிமனையில் 40க்கும் மேற்பட்ட தமிழகப் பேருந்துகள் எரிந்தன. உயிரிழப்பும் நேர்ந்தது. பஸ் நின்றுபோக, எல்லையில் மூட்டை முடிச்சுகளுடன் நடந்து போன குடும்பங்களை நாமே கண்டோம். முதலில் எழுதியவனுக்கு இத்தனையும் நோக்கமாக இருந்திருக்குமா? இராது. ‘சும்மா ஒரு கேலி’ என்றுதான் நினைத்திருப்பான்.

தமிழில் ‘அளந்து பேசுகிறார்’ என்றால் பாராட்டு. ‘அளக்கிறான்’ என்றால் புளுகுகிறான் என்று பொருள். ஒரே சொல்தான், அளக்க வேண்டியதை அளக்காமல் விடும்போது அது இப்படித் திரும்பிவிடுகிறது போலும்.

நாவைக் காப்பது எல்லாச் சமுதாயத்தாரும் ஒப்புக்கொண்ட ஒன்று. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவடக்கம் வருகிறது. நம் கிறிஸ்தவ அண்டை வீட்டாரின் வேதத்தில் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பெரும்பகுதி நாவைப் பற்றியதே. நம் மார்க்கத்திலோ இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் 40 பாகங்களில் 24ஆவது பாகத்தை முழுவதும் நாவின் கேடுகளுக்கென்றே ஒதுக்கி, இருபது கேடுகளை விவரித்திருக்கிறார்கள். புறம் பேசுதலாகிய கீபத், இல்லாததைக் கட்டிச் சொல்லும் புஹ்தான், கோள் சொல்லும் நமீமா ஆகியவற்றைப் பற்றி ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். உள்ளதைச் சொன்னால் கீபத், இல்லாததைச் சொன்னால் புஹ்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டிய ஹதீது முஸ்லிம் ஷரீபில் உள்ளது. ஆகவே அவற்றை விரிக்கப் போவதில்லை. இந்த மாதம் நாம் எடுத்துக்கொள்வது வேறொன்று. அதனைப் பாவம் என்றே பலர் கருதுவதில்லை.

அதுதான் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது.

ஓர் எழுத்து

நம் மொழியில் சொல்லின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் ஓர் ‘ஆம்’ இருக்கிறது. ‘போனானாம்’, ‘வந்தாளாம்’, ‘கடன்பட்டிருக்கிறார்களாம்’. இந்த ‘ஆம்’ ஒட்டிவிட்டால் பொறுப்பு நம்முடையது இல்லை என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ‘நானா சொன்னேன்? அவர்கள் சொன்னார்கள், நான் கேட்டதைத்தானே சொன்னேன்?’ மாட்டிக்கொண்டால் நுழைந்து கொள்வதற்கு அந்த ஓர் எழுத்து ஒரு பொந்தாக இருக்கிறது.

அரபி மொழியிலும் இதற்கு ஈடான ஒரு சொல் உண்டு. ‘ஸஅமூ’. ‘இப்படி இப்படி என்று சொல்லிக்கொள்கிறார்கள்’ என்பது அதன் பொருள். ‘ஸஅமூ’வை ஏறிச் செல்லும் வாகனமாக ஒருவன் ஆக்கிக் கொள்வது எவ்வளவு கெட்ட வாகனம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் இடம் பெற்றிருக்கிறது. சவாரி என்ற உவமையைச் சற்று யோசியுங்கள். கால் வலிக்காமல் போய்ச் சேர விரும்பும் இடத்துக்கு மனிதன் வாகனத்தில் ஏறுகிறான். தான் நேரே சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்லி முடிக்க ‘சொன்னார்களாம்’ மீது ஏறிக்கொள்கிறான். கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் கிரந்தத்தின் முன்னுரையிலேயே வைத்தார்கள். ஹதீதுக் கலை முழுவதும் ‘யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது’ என்ற கேள்வியின் மேல் நிற்பது. அந்தக் கலைக்குச் சொந்தக்காரர்களாகிய நாம், பக்கத்து வீட்டுச் செய்தி என்றால் மட்டும் அறிவிப்பாளர் வரிசை கேட்பதில்லை!

மதீனாவில் ஒரு மாதம்

இதற்கு நம் வரலாற்றில் உள்ள பெரிய பாடம் இஃப்க் சம்பவம். பனூ முஸ்தலிக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. ஹிஜ்ரி 5 என்றும் 6 என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப் போனார்கள். ஒட்டகச் சிவிகை காலியாக இருப்பதறியாமல் தூக்கி வைத்துப் படை புறப்பட்டுவிட்டது. பின்தங்கி வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையைக் கண்டு, ‘இன்னா லில்லாஹி’ ஓதி, ஒட்டகத்தைப் படுக்கவைத்து ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து வந்தார்கள். அந்த ஓதலைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் தாம் கேட்கவில்லை என்று அன்னையவர்களே பின்னர் கூறியுள்ளார்கள். யாருடைய நாவு அன்று முழுவதும் அடங்கியிருந்ததோ, அவர்மீதே மற்றவர்களின் நாவுகள் பாய்ந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கதையைக் கட்டியவன் முனாபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. அதில் வியப்பில்லை. அவன் ஒருவன் மட்டும் பேசியிருந்தால் செய்தி அவன் திண்ணையைத் தாண்டியிராது. அதைச் சுமந்து சென்றவர்களில் முஃமின்களும் இருந்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி), நாயகத்தின் கவிஞர் ஹஸ்ஸான் (ரலி), ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) ஆகியோர் பெயர்கள் கிரந்தங்களில் வருகின்றன. அவர்கள் எதையும் கற்பனை செய்யவில்லை, கேட்டதைச் சொன்னார்கள்.

அன்னையவர்கள் அப்போது ஏறத்தாழ ஒரு மாதம் நோயுற்றுக் கிடந்தார்கள். ஊர் முழுதும் பேசுவது அவர்களுக்குத் தெரியாது. கணவரின் முகத்தில் வழக்கமான கனிவு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஓர் இரவு மிஸ்தஹுடைய தாயாருடன் வெளியே சென்று திரும்பியபோது, அந்த அம்மையார் தம் போர்வை காலில் சிக்கி இடறினார். இடறியதும், ‘மிஸ்தஹ் நாசமாகட்டும்’ என்றார். ‘பத்ரில் கலந்த ஒருவரையா ஏசுகிறீர்கள்?’ என்று அன்னை தடுத்தார்கள். தம்மைப் பற்றி அவதூறு சுமந்தவருக்காக, அதை அறியாமலே பரிந்து பேசினார்கள்! அப்போதுதான் அந்தத் தாயார் எல்லாவற்றையும் சொன்னார். அதன் பின் இரவும் பகலும் கண்ணீர் நிற்கவில்லை.

இதே மாதத்தில் மதீனாவின் மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் மனைவியார், மக்கள் பேசுவதைக் கேட்டீர்களா என்று கணவரிடம் கேட்டார். ‘ஆம், அது பொய். நீ அப்படிச் செய்வாயா?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். ‘அல்லாஹ் மீது ஆணையாக, மாட்டேன்.’ ‘ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே’ என்றார். அந்த வீட்டில் அச்செய்தி அத்தோடு செத்தது. நாயகத்தின் மற்றொரு துணைவியாரான ஸைனப் (ரலி) அவர்கள், அன்னைக்கு ஈடாக நின்றவர். சக்களத்தி என்ற முறையில் பேசினால் கேட்பாருண்டு. அவரிடம் நாயகம் கருத்துக் கேட்டபோது, தம் செவியையும் பார்வையையும் தாம் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவைப் பற்றி நல்லதன்றி வேறெதுவும் அறியேன் என்றும் விடையளித்தார். அவருடைய உடன்பிறந்த சகோதரி ஹம்னாவோ, அக்காவுக்கு ஆதரவு செய்வதாக எண்ணிக்கொண்டே அவதூறில் விழுந்தார். அக்கா கேட்காத உதவி!

பின்னர் அன்னூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கி அன்னையின் தூய்மையை அல்லாஹ்வே நிலைநாட்டினான். அவற்றுள் 15ஆவது வசனத்தை மதரஸாவில் ஓதிய நாளில் நம் உஸ்தாத் ஒரு சொல்லில் நிறுத்தி எங்களிடம் கேட்டார்: ‘செய்தியை மனிதன் எதனால் வாங்குகிறான்?’ ‘காதால்’ என்றோம். ‘இங்கே அல்லாஹ் என்ன சொல்கிறான்?’ பார்த்தோம். அதை நீங்கள் உங்கள் நாவுகளால் வாங்கிக் கொண்டீர்கள் என்ற கருத்தில் வசனம் வருகிறது. காதில் விழுந்து, உள்ளத்தில் எடைபோட்டு, பிறகு நாவுக்கு வர வேண்டியது. இங்கே காதும் உள்ளமும் இடையில் இல்லவே இல்லை. ஒரு நாவிலிருந்து இன்னொரு நாவுக்கு நேரே தாவிவிட்டது. அற்பமென்று அவர்கள் எண்ணியது அல்லாஹ்விடம் மகத்தானதாக இருந்தது என்றும் அதே வசனம் முடிகிறது. சுமந்தவர்களுக்குத் தண்டனையாக 80 கசையடிகள் கொடுக்கப்பட்டதும் ஹதீதுகளில் பதிவாகியுள்ளது.

கைபேசியில் வாங்கிய நாவு

நாவிலிருந்து நாவுக்குத் தாவ அன்று ஒரு மாதம் பிடித்தது. இன்று பெருவிரல் போதும். 2018ஆம் ஆண்டு குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற செய்தி நம் வட்டாரம் முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த மே மாதம் 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி உறவினருடன் காரில் வந்த ஒரு மூதாட்டி, தெருவில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்தல்காரி என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார். அதே மாதம் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவரும் அப்படியே அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் தாய்மார்கள், குழந்தைகளுக்காகப் பயந்தவர்கள். ஒரு தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் தடை வைத்தது அந்த ஜூலையில்தான். மனிதன் தானாக வைத்துக்கொள்ளாத கடிவாளத்தை யந்திரம் வைத்தது.

ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் நாம் காண்கிறோம். மேலே ‘பிஸ்மில்லாஹ்’, கீழே ‘இதை அனைவருக்கும் அனுப்பவும், நன்மை கிடைக்கும்’. நடுவில் யாரோ ஒருவரின் மானம்.

ஆலிம்களாகிய நமக்கு இதில் தனியொரு நோய் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதைப் பிடித்துவிட்டார்கள். ஓதத் தெரிந்தவர்கள் புறம் பேசும் விதம் வேறு. ‘அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் நம்மை அந்தச் சோதனையிலிருந்து காத்தான்’ என்பார்கள். ‘பாவம், அல்லாஹ் அவருக்கு ஹிதாயத் தரட்டும்’ என்று துஆ செய்வார்கள். துஆ செய்த மாதிரியும் ஆயிற்று, ஆள் யார் என்று சபைக்குத் தெரிந்த மாதிரியும் ஆயிற்று. இது கீபத்தும் முகஸ்துதியும் ஒன்றாகச் சேர்ந்தது என்பது இமாமவர்களின் தீர்ப்பு. இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. ஏனென்றால் நாம் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

நாட்றாம்பாளையத்துக்குப் போன காரணம்

நாம் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு மஹல்லாவில் இமாமாக இருக்கிறோம். இங்கே பெரும்பாலான முஸ்லிம் வீடுகளில் உருது, கடைத்தெருவில் தமிழ், பக்கத்துக் கடையில் தெலுங்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். ஒரு செய்தி காலையிலிருந்து மாலைக்குள் நான்கு மொழிகளில் சட்டை மாற்றிக்கொள்ளும். 1970களில் சிப்காட் வந்த நாள் முதல் மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். நாட்றாம்பாளையத்துப் பையன் ஒருவனும் அப்படி வந்தவன். ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டீஸாக இருந்தான். நம் பள்ளியில் இஷாவுக்கு வருவான்.

அவனுக்குப் பெண் பேசிய வீட்டார் நம்மிடம் விசாரித்தார்கள். ‘ஹஜ்ரத், உங்கள் மஸ்ஜிதுக்கு வருகிற பிள்ளை. எப்படி?’

திருமண விசாரணையில் உள்ளதைச் சொல்வது கீபத் ஆகாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மை முஆவியாவும் அபூஜஹ்மும் பெண் கேட்பதாக வந்து யோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) இருவரையும் பற்றி உள்ளதைச் சொல்லி, உஸாமாவை மணக்குமாறு ஆலோசனை தந்தார்கள். இமாம் நவவி (ரஹ்) கீபத் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தேவையான அளவுக்கு மட்டும், தெரிந்ததை மட்டும். இந்தச் சட்டம் நமக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் நடத்தியிருக்கிறோம்.

இரு தினங்களுக்கு முன் டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டது நம் காதில் விழுந்திருந்தது. அதை வைத்து, ‘நல்ல பையன்தான்... ஆனால் கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம். அல்லாஹ் அவனுக்கு நல்வழி காட்டட்டும்’ என்றோம். அவ்வளவுதான்.

அந்த ‘ஆம்’ என்னும் குதிரை எவ்வளவு தூரம் ஓடிற்றென்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ‘நிறுத்திவிட்டார்களாம்’ என்பது ‘எதற்கு நிறுத்துவார்கள்?’ என்றாகி, ‘சாமான் திருடினானாம்’ என்று முடிந்திருந்தது. பெண் வீட்டார் வேறிடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள். டீக்கடையில் பேசியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். அவர் உருதுவில் சொன்னது ‘நிகல் கயா’. அதாவது, வெளியே வந்துவிட்டான். நம் காது வாங்கியது ‘நிகால் தியே’, வெளியேற்றிவிட்டார்கள். காது என்று ஏன் சொல்ல வேண்டும், நாவுதான் வாங்கியிருக்கிறது. நடந்தது என்னவென்றால், அவனுடைய பயிற்சிக் காலம் முடிந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மறு வாரமே வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

அல்லாஹ்வின் உரிமையில் செய்த பாவத்துக்குத் தௌபா செய்தால் போதும். மனிதனின் மானத்தைத் தொட்டதற்கு அந்த மனிதனின் மன்னிப்பும் வேண்டும். தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் வந்தும், ஏசியதற்கும் அவதூறு சொன்னதற்கும் ஈடாகத் தன் நன்மைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்கும் ‘முஃப்லிஸ்’ பற்றிய ஹதீது நீங்கள் அறிந்ததே. அவன் காதுக்கு இது எட்டவில்லையென்றால் போய்ச் சொல்லிப் புண்படுத்த வேண்டுமா என்பதில் பெரியோர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள், அவனுக்காகப் பாவமன்னிப்புத் தேடினால் போதும் என்றார்கள். அந்தக் கூற்றில் ஒளிந்துகொள்ள நம் நஃப்ஸ் இரண்டு வாரம் இடம் தேடியது. ஆனால் நாம் சொன்னது கீபத் அன்று; பொய். பொய்யைச் சொன்ன இடத்தில் அதைப் பொய்யென்று சொல்லியாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. முதலில் பெண் வீட்டாரிடம் போனோம். பெரியவர் கேட்டுவிட்டு, ‘இப்போது சொல்லி என்ன செய்ய, ஹஜ்ரத்?’ என்றார். பிறகு டீக்கடை. பிறகுதான் அந்த வியாழக்கிழமை பஸ்.

பையனின் அத்தா ராகிக் களத்தில் இருந்தார். துண்டை உதறித் திண்ணையில் விரித்து உட்காரச் சொன்னார். முழுவதும் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை.

‘சம்பந்தம் ஏன் முறிந்ததென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது, ஹஜ்ரத். என் பங்குக்கு மன்னித்தேன். அவன் பங்கை நான் மன்னிக்க முடியாதே. ஞாயிற்றுக்கிழமை வருவான். அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.’

அவர் மதரஸாவில் ஓதியவர் அல்லர். மஸ்அலாவைச் சரியாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். பையன் கோபப்படவில்லை. மன்னித்தேன் என்றும் உடனே சொல்லிவிடவில்லை. ஒன்றுதான் கேட்டான்: ‘யார் யாரிடம் சொன்னீர்கள், ஹஜ்ரத்?’

விரல் விட்டு எண்ணினோம். பெண்ணின் பெரியப்பா, மோதினார், மளிகைக் கடைக்காரர். இந்த மூவரும் நினைவுக்கு வந்தார்கள். நான்காவது ஆள், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். அவர் பெயரோ ஊரோ நமக்குத் தெரியாது.